குளத்துக்குக் குடை பிடித்த தவளை

மருதங்காட்டுக் குளத்தில் பெருந்தொண்டையார் என்றொரு தவளை இருந்தார். அந்தக் குளத்துத் தவளைகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். அவரைவிட அறிவுள்ள தவளைகள் அங்கே உண்டு. அவரைவிடச் சத்தமாகக் கத்தும் தவளை இல்லை. தலைமைக்கு அது போதும் என்று குளம் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

பெருந்தொண்டையாருக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல செய்தி என்றால் பாறைமேல் ஏறி அவரே அறிவிப்பார். கெட்ட செய்தி என்றால் அன்றைக்குப் பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். "கூடாது" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதே இல்லை. அதனால் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

குளத்தின் மேற்குக் கரையில் நீர்மருது மரங்கள் வரிசையாக நின்றன. பிற்பகலில் வெயில் ஏறும்போது அவற்றின் நிழல் தண்ணீரில் நீளமாக விழும். தவளைகள் அந்த நிழலில்தான் முட்டையிடும். தலைப்பிரட்டைகள் அங்கேதான் வளரும். அவற்றுக்கு நிழல்தான் தொட்டில். கால் முளைத்து, வால் சுருங்கி, கரையேறும் நாள்வரை அவை தண்ணீரைவிட்டு எங்கும் போக முடியாது. பெரிய தவளைகளுக்குச் சூடு தாங்கவில்லையென்றால் சேற்றுக்குள் புகுந்துகொள்ளலாம். பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை.

அந்தக் கரையில் ஓர் எருமை மந்தையும் இருந்தது. சுருளியம்மா என்ற கிழட்டு எருமை அதற்குத் தலைவி. கொம்பு இரண்டும் நன்றாகச் சுருண்டிருப்பதால் அந்தப் பெயர். எருமைகள் மருதக் கன்றுகளைக் கடித்துத் தின்றன. முதுகு அரித்தால் பெரிய மரங்களில் உரசின. உரசி உரசிப் பட்டை உரிந்தது. பட்டை உரிந்த மரம் பட்டுப்போய், அடுத்த காற்றில் விழுந்தது. புது மரம் வர வழியில்லை. கன்றுதான் எருமையின் வயிற்றில் இருக்கிறதே!

இது தவளைகளுக்குத் தெரியாமல் நடக்கவில்லை. ஆனால் எருமை இருக்கும் இடத்தில் சாணம் இருக்கும். சாணம் இருக்கும் இடத்தில் ஈ மொய்க்கும். மேற்குக் கரையில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்தாலே வயிறு நிறைந்துவிடும். மற்ற குளத்துத் தவளைகள் ஒவ்வோர் ஈயையும் துரத்திப் பிடிக்கும்போது, மருதங்காட்டுத் தவளைகளுக்குத் தொப்பை விழுந்தது. அவற்றிலும் பெரிய தொப்பை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. அதை அவர்கள் செழிப்பு என்றார்கள்.

மரம் குறையக் குறையத் தண்ணீர் சூடேறியது. ஒரு சித்திரையில் வெயில் மிகக் கடுமையாக அடித்தது. ஆழமில்லாத ஓரங்களில் இருந்த தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. பெருந்தொண்டையாரின் பிள்ளைகளிலும் பாதிக்குமேல் போய்விட்டன. அவருடைய மனைவி பாசிமணி அந்த ஓரத்தைவிட்டு நகராமல் கிடந்தாள். தலைவருக்கும் துக்கம்தான். இரங்கல் தெரிவிக்கப் பாறைமேல் ஏறினார். ஆனால் ஏன் செத்தன என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் தொண்டை கட்டிக்கொண்டது.

ஐப்பசி மழையில் குளம் நிறைந்தது. வடக்கேயிருந்து வாத்துகள் வந்திறங்கின. அவை பனிக்காலம் முழுக்கத் தங்கும். மாசியில் வெயில் லேசாக முறைத்தாலே மூட்டை கட்டிவிடும். அந்தக் கூட்டத்தில் ஊசிவாலர் என்று ஒருவர். பல தேசத்துத் தண்ணீரில் மிதந்தவர். எந்தக் குளத்தில் இறங்கினாலும், இறகு உலர்வதற்குள் அந்தக் குளத்துக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். உலர்ந்தபின் அதற்கு மருந்தும் சொல்வார்.

பெருந்தொண்டையார் அவரை வரவேற்று, நத்தை நிறைந்த நல்ல மூலையாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தார். பிறகு பிள்ளைகள் செத்த கதையைச் சொன்னார். ஊசிவாலர் கண்ணை மூடிக் கேட்டார். மறுநாள் சபையைக் கூட்டச் சொன்னார்.

தவளைகள், மீன்கள், நண்டுகள் எல்லாம் கூடின. எருமைகளைக் கூப்பிடவில்லை. அவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் இருந்தால் சங்கடமாக இருக்கும் என்று தலைவர் நினைத்தார்.

ஊசிவாலர் கழுத்தை நீட்டினார்.

"பெரியோர்களே, இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, எருமைகளை மேற்குக் கரையிலிருந்து விலக்கி, மரங்களை மறுபடியும் வளர விடுவது. அதற்கு ஆகும் செலவை எண்ணிப் பாருங்கள். எருமை போனால் சாணம் போகும். சாணம் போனால் ஈ போகும். ஈ போனால்..."

அவர் அங்கே நிறுத்தி, தலைவரின் தொப்பையை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்தார். சபை மொத்தமும் தத்தம் தொப்பையைப் பார்த்துக்கொண்டது.

"அப்படியே செய்தாலும் மரம் வளரப் பல வருஷம் ஆகும். ஆக, கட்டுப்படியாகாது. இரண்டாவது வழி இதோ!"

சிறகுக்கடியிலிருந்து அவர் ஒரு செடியை எடுத்துத் தண்ணீரில் விட்டார். பளபளவென்று பச்சை இலைகள். தண்டு பஞ்சுபோல் உப்பியிருந்தது. செடி மூழ்காமல் ஒய்யாரமாக மிதந்தது.

"ஆகாயத்தாமரை. ஒரு செடி போதும். தானாக மிதக்கும், தானாகப் பெருகும், தானாக நிழல் தரும். குளத்துக்கே குடை பிடித்தது போல் ஆகிவிடும். எருமையும் இருக்கலாம், ஈயும் இருக்கலாம், நிழலும் கிடைக்கும். செலவு என்று பார்த்தால், இதை இவ்வளவு தூரம் தூக்கி வந்த என் சிரமம் மட்டும்தான்."

சபை சொக்கிப்போனது. யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாத ஒரு தீர்வைக் கேட்டால் யாருக்குத்தான் சொக்காது? பெருந்தொண்டையாருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. யாரிடமும் "கூடாது" என்று சொல்லாமலே பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம். இப்படி ஒரு வழியைத்தான் அவர் பிறந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து பாசிமணி எழுந்தாள்.

"இது பெருகிப் பெருகி குளத்தையே மூடிட்டா என்ன பண்றது?"

"அருமையான கேள்வி, அம்மணி" என்றார் ஊசிவாலர். "அதற்குத் தனியாக ஓர் ஆய்வு தேவைப்படும். அடுத்த பனிக்காலத்தில் வைத்துக்கொள்வோம்."

"சித்திரையில இந்தத் தண்ணி எப்படி இருக்கும்னு நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நேரில் பார்த்ததில்லை. சித்திரையில் நான் பனிமலைக்கு அப்பால் இருப்பேன். ஆனால் கேள்விப்பட்டிருக்கிறேன்."

கோடை என்றால் என்னவென்றே அறியாத ஒருவர் கோடைக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அது யாருக்கும் உறைக்கவில்லை. பாசிமணி அதிகம் கேள்வி கேட்கிறாள் என்பது மட்டும் உறைத்தது. பெருந்தொண்டையார் பாறைமேல் ஏறி, தீர்மானம் நிறைவேறியது என்று முழங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பாசிமணி விடவில்லை.

"ஏங்க, சுருளியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். குளத்தை விட்டே போகச் சொல்ல வேண்டாம். மேற்குக் கரையை மட்டும் விட்டுட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேயச் சொல்லுங்க. கன்னு நாலு தலையெடுத்துட்டா பிள்ளைங்களுக்குப் போதும்."

அது அவ்வளவு சுலபமில்லை என்றார் தலைவர். சுருளியம்மா கோபித்துக்கொண்டு மந்தையோடு வேறு குளத்துக்குப் போய்விட்டால் ஈக்கு எங்கே போவது என்றார். பெரிய மனிதர் கணக்குப் போட்டுக் கட்டுப்படியாகாது என்று சொன்ன பிறகு இதில் நாம் மூக்கை நுழைப்பது அழகல்ல என்றும் சொன்னார்.

"கணக்குப் போடறதுக்கு முன்னாடி அவர் சுருளியம்மாகிட்ட பேசினாரா?"

பெருந்தொண்டையாருக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது.

செடி வேலையைத் தொடங்கியது. மாசியில் வாத்துகள் கிளம்பும்போது மேற்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்குப் பரவியிருந்தது. ஊதா நிறத்தில் பூவும் பூத்தது. சித்திரை வந்தது. வெயில் அடித்தது. அந்தப் பாய்க்கடியில் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அங்கே இருந்த தலைப்பிரட்டைகள் பிழைத்தன. கால் முளைத்துக் கரையேறின. குளமே கொண்டாடியது. பிள்ளைகள் தத்தித் தத்திக் கரையேறுவதைப் பார்த்து பாசிமணிகூட அழுதுவிட்டாள். தான்தான் வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது.

பெருந்தொண்டையாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பாறைமேல் ஏறினால் இறங்குவதில்லை. வெயில் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நாலா பக்கமும் கேட்கும்படி முழங்கினார்.

அது சுருளியம்மாவின் காதிலும் விழுந்தது. வறண்ட மேய்ச்சல் காட்டில் அவளுடைய தங்கைகள் குடும்பம் குடும்பமாகத் தவித்துக்கொண்டிருந்தன. இங்கே நிழலுக்கு ஏற்பாடாகிவிட்டது, கவலையில்லாமல் வாருங்கள் என்று அவள் ஆள் அனுப்பினாள். அவர்களும் வந்தார்கள். மந்தை இரண்டு மடங்கானது. சாணமும் அவ்வாறே, ஈயும் அவ்வாறே. தவளைகளுக்குத் தாவ முடியாத அளவுக்குத் தொப்பை போட்டது. தாவ முடியாததையும் செழிப்பின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மேற்குக் கரையின் கடைசி மருத மரம் அந்த ஆடிக் காற்றில் சாய்ந்தது. முன்பெல்லாம் ஒரு மரம் விழுந்தால் குளத்தில் ஒரு முணுமுணுப்பாவது எழும். இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நமக்குத்தான் குடை இருக்கிறதே என்றார் தலைவர்.

அடுத்த பனிக்காலத்தில் ஊசிவாலர் வந்தபோது செடி குளத்தில் பாதியைப் பிடித்திருந்தது. மழையில் கரைந்து வந்த சாணம் அத்தனையும் அதற்கு உரம். ஊசிவாலர் மற்ற வாத்துகளை அழைத்துவந்து, பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல் அதைச் சுற்றிக் காட்டினார். ஆய்வு என்ன ஆயிற்று என்று பாசிமணி கேட்டாள். நடந்துகொண்டே இருக்கிறது என்றார்.

விரால் மீன்கள் மட்டும் தலைவரிடம் முறையிட்டன. அவை மூச்சு வாங்க அடிக்கடி மேலே வர வேண்டிய மீன்கள். வருகிற இடமெல்லாம் வேர் தலையில் இடிக்கிறது, மேலே வர இடைவெளியே இல்லை என்றன. பொதுநன்மைக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார் தலைவர். அல்லிக்கொடிகள் அழுகிப்போனதை யாரும் வந்து சொல்லவில்லை. அல்லிக்கு வாய் இல்லை.

மாசியில் வாத்துகள் பறந்தன. பங்குனியில் எருமைச் சாணத்தின் புண்ணியத்தில் செடி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து கிழக்குக் கரையைத் தொட்டது. குளம் எங்கே என்று கேட்டால், அதோ அந்தப் பச்சை வயலுக்கடியில் என்று கைகாட்ட வேண்டிய நிலை.

சித்திரை பிறந்தது. தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் கறுத்துவிட்டது. அடியில் விழுந்த இலைகள் அழுகி நாறின. அந்தத் தண்ணீரில் காற்று என்று ஒன்று மிச்சமில்லை. தலைப்பிரட்டைகள் மேலே வந்து வாயைத் திறந்தன. மேலே வேர். பக்கத்தில் போய்ப் பார்த்தன. அங்கேயும் வேர்.

பாசிமணி பாறைக்கு ஓடிவந்தாள்.

"பிள்ளைங்க மூச்சு விட முடியாம கிடக்குதுங்க! நிழலும் வேணாம், குளிர்ச்சியும் வேணாம். இந்தப் பாயைக் கிழிச்சு எடுங்க!"

பெருந்தொண்டையார் பதறிப்போனார். அவருக்குப் பிள்ளைகள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. தைரியம்தான் இல்லை. உடனே ஓடிப்போய் எருமைகளிடம் கெஞ்சினார். குளத்தில் இறங்கிச் செடியை வாரி வெளியே போடுங்கள் என்றார். எருமைகளுக்கு அது விளையாட்டு. கூட்டமாக இறங்கிக் கொம்பால் குத்தி, கழுத்தில் மாலையாகப் போட்டு இழுத்து, நண்பகலுக்குள் குளத்தில் பாதியைத் திறந்துவிட்டன. காற்று பட்டது. தலைப்பிரட்டைகள் அத்தனையும் திறந்த தண்ணீருக்கு விரைந்து வந்து ஆசை ஆசையாய் மூச்சு வாங்கின. பெருந்தொண்டையார் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

பாசிமணி தண்ணீரைப் பார்க்கவில்லை. மேற்குக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு மரம்கூட இல்லை.

பிற்பகல் வெயில் தடுப்பார் இல்லாமல் நேராக வந்து இறங்கியது. முன்பு மெல்ல மெல்ல, வருஷக்கணக்கில் ஏறிய சூடு, இப்போது ஒரே பொழுதில் மொத்தமாக ஏறியது. பாய்க்கடியில் குளிர்ச்சியிலேயே வளர்ந்த பிள்ளைகள் அவை. சூடு என்றால் என்னவென்று அவற்றுக்குத் தெரியாது. தண்ணீர் கஞ்சி போலக் கொதித்தது. செடி இருந்த பாதிக்குத் திரும்பினால் மூச்சு முட்டியது. திறந்த பாதியில் இருந்தால் உடம்பு வெந்தது. இங்கும் அங்குமாக அலைந்தன. அலைந்தவை ஒவ்வொன்றாக நின்றுபோயின.

பாசிமணி மட்டும் தண்ணீரில் குதித்து, செடியும் வெட்டவெளியும் சந்திக்கும் விளிம்பை நோக்கிப் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அந்த விளிம்பில் கொஞ்சம் நிழல் இருந்தது, கொஞ்சம் காற்றும் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்த சில மட்டும் பிழைத்தன.

பெருந்தொண்டையார் கரையோரமாகத் தேடிக்கொண்டு போனார். ஓரிடத்தில் ஒரு தலைப்பிரட்டை மல்லாந்து கிடந்தது. அவருடைய பிள்ளைதான். பின்னங்கால் இரண்டும் முளைத்துவிட்டன. முன்னங்கால்கள் தோலுக்கடியில் புடைத்து நின்றன. இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருந்தால் கரையேறியிருக்கும். அந்தச் சின்னக் கால்களைப் பார்த்ததும் அவர் அழுதார். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. முதல் தடவையாக அது பாசாங்கு இல்லை.

அப்படியே திரும்பி நேராகச் சுருளியம்மாவிடம் போனார். அவள் கரையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூக்குக்கு நேராகப் போய் நின்றார்.

"சுருளியம்மா, மேற்குக் கரையில் இனி நீங்கள் மேயக் கூடாது" என்றார்.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மிதி விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. சுருளியம்மா அசைபோடுவதை நிறுத்தி, அவரை வியப்பாகப் பார்த்தாள்.

"இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் ஆச்சா, தலைவரே?"

"நீங்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவீர்கள் என்று..."

"யார் சொன்னா?"

பெருந்தொண்டையார் யோசித்துப் பார்த்தார். யார் சொன்னது? எருமையை விலக்கினால் ஈ போய்விடும் என்று, அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரு வாத்து சொன்னது. கோபத்தை அவருடைய பயம் சேர்த்துக்கொண்டது. கட்டுப்படியாகாத அந்தச் செலவை வாத்து யாரிடமும் விசாரிக்கவில்லை. தலைவரின் பயத்தைப் பார்த்து அதற்கு ஏற்றபடி ஒரு விலை சொன்னது. தனக்குப் பிடித்த விலையாக இருந்ததால் தலைவர் பேரம் பேசவில்லை.

"வாய்க்காலுக்கு அந்தாண்ட நல்ல கோரை கிடக்கு" என்றாள் சுருளியம்மா. "நடக்கணுமேன்னு சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல. அன்னைக்கே கேட்டிருந்தா கொஞ்ச நாள் முணுமுணுத்துட்டுப் போயிருப்போம். சாயங்காலம் தண்ணி குடிக்க இங்கதானே வரணும்? அப்பவும் உங்களுக்கு ஈ கிடைச்சிருக்கும்."

"அப்படியானால் இப்போது போங்களேன்!"

சுருளியம்மா கரை நெடுகப் படுத்திருந்த உறவுக்கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கு நாங்க கொஞ்சம் பேரு. என் பேச்சுக்குக் கட்டுப்பட்டதுங்க. இப்ப பாருங்க. நிழலுக்கு ஏற்பாடாயிடுச்சுன்னு நீங்க முழங்கினதைக் கேட்டுத்தானே இதுகளை வரச் சொன்னேன்? வந்த இடத்துல கன்னும் போட்டாச்சு. இப்ப எழுந்து போன்னா எது கேட்கும்? நான் சொல்லிப் பார்க்கிறேன். கேட்கிறது கேட்கட்டும்."

சில எருமைகள் கேட்டன. பல கேட்கவில்லை. மீதிச் செடியை ஒரேயடியாக எடுக்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. பாசிமணி விளிம்பு விளிம்பாகக் கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பிய்த்தால் அந்தப் பக்கம் முளைத்தது. தானாகப் பெருகும் என்று ஊசிவாலர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் கடைசிவரை பொய்க்கவில்லை.

ஐப்பசி மழை வந்தது. ஊசிவாலரும் வந்தார். குளத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"கவலை வேண்டாம். தொலைதேசத்தில் ஒரு மீன் இருக்கிறது. ஆகாயத்தாமரை என்றால் அதற்கு உயிர். நாலு குஞ்சு கொண்டுவந்து விட்டால் போதும். தானாகவே பெருகும். செலவே கிடையாது!"

அக்கம்பக்கத்துக் குளங்களிலும் செடி நன்றாகப் பரவியிருப்பதால் மீனுக்கு எங்கும் நல்ல வரவேற்பு இருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளிகூடக் கள்ளம் இல்லை. அதுதான் கொடுமை. கள்ளம் இருந்தால் என்றாவது பிடிபட்டிருப்பார்.

பாசிமணி சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு அவர் முன்னால் வந்தாள்.

"மீனைக் கொண்டாங்க. ஆனா சித்திரை முழுக்க நீங்களும் இங்கேயே தங்கணும். உங்க குஞ்சுகளையும் இந்தத் தண்ணியிலதான் விடணும். சம்மதமா?"

ஊசிவாலர் சிரித்தார். அது தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். குஞ்சுகளை இப்படிப்பட்ட தண்ணீரில் எப்படி விடுவது என்று தன்னை மறந்து கேட்டும்விட்டார். கேட்ட பிறகு தன் வார்த்தை தன் காதிலேயே விழுந்ததோ என்னவோ, திரும்பிக்கொண்டு இறகைக் கோதத் தொடங்கினார். அந்த வருஷம் வாத்துகள் பனி விலகும் முன்பே வேறு குளம் பார்த்துப் போய்விட்டன. அங்கே அவருக்கு நல்ல வரவேற்பு என்று கேள்வி.

பெருந்தொண்டையாரைப் பாறைமேல் தேடாதீர்கள். அவர் இப்போது மேற்குக் கரையில் இருக்கிறார். எருமைக் குளம்படிகளுக்கு நடுவே எப்படியோ ஒரு மருதக் கன்று முளைத்திருக்கிறது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தொப்பை வற்றிவிட்டது. அந்தப் பக்கம் எந்த எருமைக் கன்று வந்தாலும் தொண்டையை முழுசாக உப்பிக்கொண்டு, "கூடாது! இங்கே கூடாது!" என்று கத்துகிறார். சில கன்றுகள் மிரண்டு விலகுகின்றன. சில அவரைத் தாண்டிப் போக, அவர் நகர்ந்து அடுத்த பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் கத்துகிறார்.

அன்றைக்குச் சபையில் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், இந்நேரம் அந்தக் கரையில் எருமையின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு மரங்கள் நின்றிருக்கும். இப்போது இருக்கும் கன்று தவளையின் உயரம்தான் இருக்கிறது. அதன் நிழல் ஒரே ஒரு தலைப்பிரட்டைக்குத்தான் போதும்.

செய்ய வேண்டியதைச் செய்யப் பயந்து மலிவான வழியைத் தேடுகிறவன், அதன் முழு விலையையும் தன் பிள்ளைகளின் தலையில் கட்டிவிடுகிறான்.